கும்மிக்குப் போகிறேன், டீக்கு நிற்பதில்லை

கேள்வி:

வணக்கமுங்க. எனக்கு வயது 28. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வரன் பார்ப்பதற்காக வீட்டில் பயோடேட்டா தயார் செய்தார்கள். ‘பொழுதுபோக்கு’ என்ற இடத்தை மட்டும் என்னையே நிரப்பச் சொன்னார்கள். புத்தகம் படிப்பது, கையால் பூத்தையல் போடுவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நஞ்சராயன் குளத்துக்குப் போய்ப் பறவை பார்ப்பது என்று எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்ததும் திக்கென்றது. ஒன்றில்கூட இன்னோர் ஆள் இல்லை. குளத்தில் முக்குளிப்பான் மூழ்கினால் எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், முக்கால் மணி நேரம் போனது தெரியாது. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குக்கூட லீவு போட்டுவிட்டு, கூட்டம் இல்லாத வார நாளில் தனியாகத்தான் போவேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் எழுதுனா யாருகூடவும் ஒட்டாத பொண்ணுன்னு நெனச்சுக்குவாங்க கண்ணு, சமையல், கோலம்னு எழுதிப்போடு” என்றார். சின்ன வயதிலிருந்தே எனக்கு ‘பொட்டாட்டம் இருக்கற புள்ள’, அதாவது சத்தம் காட்டாமல் இருக்கிறவள், என்றுதான் பெயர். ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வந்தால் காப்பி கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். கல்யாண மண்டபத்தில் இரண்டு மணி நேரம் இருந்தால் தலை வலிக்கிறது. ஆனால் ஆபீசில் நாள் முழுக்கப் பேசுகிறேன். பையரோடு வீடியோ கால், டையிங் ஆட்களோடு சண்டை எல்லாம் உண்டு. அதோடு ஊரில் வள்ளி கும்மி கற்றுக்கொள்கிறேன். அத்தனை பேரோடு ஆடுவது ரொம்பப் பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் டீ கொடுப்பார்கள். அதற்கு மட்டும் நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். நான் இன்ட்ரோவெர்ட்டா, இல்லை மனதில் ஏதாவது கோளாறா? மாற்றிக்கொள்ள வேண்டுமா? கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் எப்படிச் சொல்வது?

பெயர் வேண்டாம், காங்கயம்

பதில்:

அன்புள்ள அம்மிணிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கும்மி முடிந்த பிறகு வரும் டீ பற்றிய அந்த வரியைத்தான். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பாதி விடை அதிலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால், நீங்கள் பயந்துகொண்டு கேட்டிருக்கும் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உள்முக இயல்பு உள்ளவர், அதாவது இன்ட்ரோவெர்ட், என்றுதான் தெரிகிறது. கோளாறு என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. நேரில் பார்த்துப் பேசாமல் யாரைப் பற்றியும் முழு முடிவு சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஆனால் பறவைக்கும் கும்மிக்கும் புத்தகத்துக்கும் இத்தனை ஆசையோடு நேரம் ஒதுக்கும் ஒருவரின் கடிதத்தைப் படித்துவிட்டு, கவலைப்பட வேண்டாம் என்று தைரியமாகவே சொல்லலாம்.

இப்போது கும்மியை எடுத்துக்கொள்வோம். கோயில் மைதானத்தில் வரிசையாக நிற்கிறீர்கள். ஆசிரியர் பாடுகிறார். எந்த அடிக்கு முன்னால் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே குனிந்து கை தட்ட வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகி இருக்கிறது. பக்கத்தில் ஆடுகிறவர் யார், என்ன செய்கிறார், அவரிடம் என்ன பேசுவது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. அவர் கை தட்டும்போது நீங்களும் தட்டினால் போதும். நூறு பேரோடு சேர்ந்து இருக்கிறீர்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கோவைப் பக்கத்துப் பத்ரப்பன். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் போன்றவர்களால்தான் இன்றைக்குக் கொங்கு நாட்டு ஊர்களில் பாட்டியும் பேத்தியும் ஒட்டுக்கா ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள். உங்களைப் போன்ற சுபாவக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடை என்பதை யாரும் தனியாகச் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஆட்டம் முடிகிறது. டீ வருகிறது. டம்ளரைக் கையில் வாங்கிய நிமிடமே எல்லாம் மாறிவிடுகிறது. “என்ன அம்மிணி, மாப்பிள்ளை பாக்கறாங்களாமா? எந்த ஊரு? கம்பெனில என்ன தர்றாங்க?” கேட்கிறவர் நல்ல மனசோடுதான் கேட்கிறார். ஆனால் அடுத்து எந்தக் கேள்வி வரும் என்று தெரியாது. எவ்வளவு சொல்லலாம், எப்போது சிரிக்க வேண்டும், எப்போது கிளம்பினால் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்று மனம் ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அதுவரை ஆடிய உடம்பின் களைப்பைவிட இந்தப் பத்து நிமிடக் களைப்பு உங்களுக்கு அதிகம். அதனால்தான் வண்டிச் சாவியைத் தேடுகிறீர்கள்.

மனிதர்களைக் கண்டு பயப்படுகிறவர் அந்த மைதானத்துக்கே வந்திருக்க மாட்டார். நீங்கள் வருகிறீர்கள், ஊர் பார்க்க ஆடுகிறீர்கள். ஆகவே உங்களிடம் இருப்பது பயமும் இல்லை, மற்றவர் மேல் வெறுப்பும் இல்லை. முன்தீர்மானம் இல்லாத, பல முனையிலிருந்து வரும் பேச்சு உங்களைச் சீக்கிரம் களைப்பாக்குகிறது, அவ்வளவுதான். உள்முக இயல்பு என்பதன் மையமே இதுதான்.

இந்தச் சொல்லைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங். 1921-இல் மனித இயல்புகளை வகைப்படுத்தி எழுதியபோது உள்முகம், புறமுகம் என்று பிரித்தார். இரண்டும் எல்லாரிடமும் இருக்கின்றன, எது மேலோங்கி நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு என்பதையும் அவரே சொல்லியிருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதியை மறந்துவிட்டு, ஏதோ இரண்டு சாதி மனிதர்கள் இருப்பதைப் போலப் பேச ஆரம்பித்தார்கள். இன்றைய உளவியலில் இதை ஒரு நீளமான அளவுகோலாகத்தான் பார்க்கிறோம். பெரும்பாலானவர்கள் அதன் நடுப்பகுதியில்தான் இருப்பார்கள். நீங்கள் ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறீர்கள்.

ஏன் அப்படிச் சாய்கிறோம் என்பதற்கு 1960-களில் ஹான்ஸ் ஐசன்க் என்ற உளவியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். உள்முகமானவர்களின் மூளை இயல்பிலேயே கூடுதல் விழிப்போடு இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து வரும் சத்தம், கூட்டம், பேச்சு எல்லாம் அவர்களுக்குச் சீக்கிரம் அளவு மீறிவிடுகிறது என்றார். நாக்கில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தபோது உள்முகமானவர்களுக்கு எச்சில் கூடுதலாகச் சுரந்தது என்ற பழைய சோதனையும் இதை ஒட்டியதுதான். மூளையைப் பற்றிய அவருடைய விளக்கத்தைப் பின்னால் நிறையத் திருத்திவிட்டார்கள். என்றாலும் தூண்டுதலைத் தாங்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்ற அடிப்படை நிற்கிறது. கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மேளம் ஒரு பக்கம், மைக்கில் ஒருவர், பந்திக்கு இடம் பிடிக்கச் சொல்லும் பெரியம்மா, பெயர் மறந்துபோன ஒரு மாமன் வந்து “என்னைத் தெரியுதா?” என்று கேட்பது. உங்கள் தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, பொழுதுபோக்குக்கு வருவோம். உங்களுக்குப் பிடித்ததை வைத்து உங்களைக் கண்டுபிடிக்கப் பார்த்தது நல்ல வழி. யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில் நாம் என்ன செய்கிறோமோ அதில் நம் சுபாவம் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். ஆனால் பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். புத்தகம் படிக்கிறவர் எல்லாம் உள்முகமானவர் இல்லை. நாவலை மூடிய கையோடு நாலு பேருக்கு போன் போட்டுக் கதையைச் சொன்னால்தான் படித்த திருப்தியே வரும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புத்தகம் என்பது பேச்சுக்கான முதலீடு. அதே மாதிரி, மாட்டுச் சந்தைக்கு வாரா வாரம் தவறாமல் போய், யாரோடும் அதிகம் பேசாமல், காங்கயம் காளைகளின் திமிலையும் கொம்பையும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பி வரும் பெரியவர்களும் உண்டு. இடம் சந்தை, ஆள் உள்முகம். எதைச் செய்கிறோம் என்பதைவிட, செய்து முடித்துவிட்டு எப்படித் திரும்பி வருகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். நேரில் வருகிறவர்களிடம் நான் கேட்பதும் அதைத்தான்: முடித்துவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது உடம்பு எப்படி இருக்கிறது? அடுத்த வேலைக்குத் தெம்பு வந்திருக்கிறதா, இருந்ததும் போய்விட்டதா?

அந்த முக்குளிப்பானையே பாருங்கள். கைப்பிடி அளவு பறவை. ‘டபக்’கென்று உள்ளே போகும். போன இடத்தில் எழாது. இடது பக்கம் எழும் என்று நினைத்தால் நாணலுக்குப் பக்கத்தில் தலையை நீட்டும். நீங்கள் கண்ணை எடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாமக்கோழிகள் தொலைவில் சத்தம் போடுகின்றன, கூழைக்கடா ஒன்று இறங்குகிறது. உங்கள் கவனம் அந்த ஒற்றை வட்ட அலையை விட்டு நகரவில்லை. மற்றவர்களுக்கு இது ‘சும்மா உட்கார்ந்திருப்பது’. எனக்கு இது அபூர்வமான கவனத் திறன். ஒரே ஒரு விஷயம், மெதுவாக நடக்கிறது, பதில் கேட்பதில்லை, அதே சமயம் அடுத்து என்ன என்று தெரியாத சுவாரசியமும் இருக்கிறது. உங்கள் மூளைக்குத் தோதான அளவில் தூண்டுதல் கிடைக்கிறது. இப்படி உட்கார நமக்கு ஓர் இடம் இருப்பதே பெரிய விஷயம். நஞ்சராயன் குளத்தை 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் அது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பனியன் கம்பெனிச் சத்தத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு நீர்நிலை மிச்சமிருப்பது பறவைகளுக்கு மட்டும் நல்லதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். பயோடேட்டாவில் நீங்கள் எழுதிய பட்டியலில் கும்மி இல்லை. கடிதத்தில் ‘ரொம்பப் பிடிக்கும்’ என்று எழுதிய ஒன்றை அங்கே ஏன் விட்டீர்கள்? ஊரே உங்களைப் ‘பொட்டாட்டம் இருக்கற புள்ள’ என்று சொல்லிச் சொல்லி, நீங்களும் உங்களை அப்படியே பார்க்கப் பழகிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டும் ஞாபகத்துக்கு வருகிறது, பொருந்தாதது விட்டுப்போகிறது. ‘இன்ட்ரோவெர்ட்’ என்ற பெயரிலும் இதே ஆபத்து இருக்கிறது. இணையத்தில் பத்துக் கேள்விக்கு விடை சொல்லி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டவர்கள் பலர், அதற்குப் பிறகு அந்தப் பெயருக்கு ஏற்ற மாதிரி வாழ ஆரம்பித்துவிடுகிறார்கள். பிடித்த கும்மியைக்கூட ‘நமக்கு எதுக்கு’ என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

இப்போது கோளாறு பற்றிய உங்கள் பயம். தனிமை எப்போது கவலைக்குரியது என்று கேட்டால், நான் பார்ப்பது ஒன்றைத்தான். ஒருவர் தனக்குப் பிடித்ததை நோக்கிப் போகிறாரா, பயந்து எதையோ விட்டு ஓடுகிறாரா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அடையாளம் தெரியாதபடி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரிப் பையன். பொழுதுபோக்கு என்ன என்றதும் படிப்பது என்றான். வீட்டாரும் ‘எந்நேரமும் புத்தகந்தானுங்க’ என்றார்கள். என்ன படிக்கிறாய், அதில் யாரைப் பிடித்தது என்று கேட்டபோது பதில் வரவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னான். கேன்டீனில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் புத்தகத்தை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொள்வானாம். பக்கம் திரும்பாது. யாராவது பேசிவிடுவார்களோ, பேசினால் உளறிவிடுவோமோ, சிரித்துவிடுவார்களோ என்ற நடுக்கம். உள்ளுக்குள் நண்பர்கள் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தான். அது உள்முக இயல்பு இல்லை, சமூகப் பதற்றம். மற்றவர்கள் நம்மை எடை போடுவார்கள் என்ற அச்சம் ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவையும் தடுக்கிறது என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துச் சரிசெய்யும் பேச்சுச் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது.

மனச்சோர்வு வேறு மாதிரி வரும். பிடித்த பொழுதுபோக்கே கசந்துபோகும். தையல் கூடை மூலையில் கிடக்கும், ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் குளத்துக்குப் போகத் தோன்றாது, போனாலும் பறவை வெறும் பறவையாகத் தெரியும். தூக்கம், பசி கெட்டு, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ‘நான் உள்முகம், அதனால் தனியாக இருக்கிறேன்’ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்காரக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு சேவை, இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு இப்போது இது தேவைப்படவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஆபீசில் நாள் முழுக்கப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி முடிகிறது? கனடா உளவியலாளர் பிரையன் லிட்டில் இதைத்தான் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். நமக்கு முக்கியமான ஒரு காரியம் என்றால், சுபாவத்துக்கு மாறாகக்கூட நம்மால் நடந்துகொள்ள முடியும் என்கிறார். அவரே பயங்கர உள்முகம். ஆனால் மேடையில் ஏறினால் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பேச்சு முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் கழிவறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஷிப்மென்ட் தேதி தள்ளிப்போகாமல் இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியம். சாயம் மாறி வந்தால் நீங்கள் சண்டை போடத்தான் செய்வீர்கள். அதில் நடிப்பு எதுவும் இல்லை. அதற்குச் செலவாகும் தெம்பைத் திரும்ப ஏற்றிக்கொள்ள ஓர் இடமும் நேரமும் வேண்டும், அதுதான் நிபந்தனை. உங்களுக்குத் தையலும் குளமும் அந்த இடங்கள். சீசன் நேரத்தில் வேலை கழுத்தை நெரிக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த நேரங்கள்தான் என்பதைத் திருப்பூர்க்காரர்களிடம் நிறையப் பார்க்கிறேன். அந்த மாதங்களில்தான் இவை அதிகம் தேவை. அரை மணி நேரமாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிக்கொள்ள வேண்டுமா என்றால், சுபாவத்தை மாற்ற வேண்டாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தக் குணத்தில் ஏறக்குறையப் பாதி பிறப்போடு வருவது என்று காட்டுகின்றன. ஆனால் ‘என் சுபாவம் இப்படித்தான்’ என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வதும் நல்லதில்லை. வில்லியம் ஃபிளீசன் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் நாளைக்குப் பல தடவை, இப்போது எப்படி நடந்துகொள்கிறாய், மனநிலை எப்படி இருக்கிறது என்று குறித்து வரச் சொன்னார். 2002-இல் வந்த அந்த ஆய்வில், உள்முகமானவர்களும் கலகலப்பாக நடந்துகொண்ட நேரங்களில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தது தெரிந்தது. நாள் முழுக்க அப்படியே இருக்கச் சொன்னால் களைத்துப்போவார்கள். அதனால் கொஞ்சமாக, உங்களுக்குத் தோதாக.

அதற்கு வழியைக் கும்மியே காட்டிவிட்டது. உங்களுக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் கூட்டம் பாரமாக இருப்பதில்லை. அடுத்த தடவை ஆட்டம் முடிந்ததும் வண்டியை எடுக்காமல், டீ ஊற்றிக் கொடுக்கும் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு டம்ளர், ஒரு சிரிப்பு, “சர்க்கரை போதுங்களா?” என்ற ஒரு கேள்வி. அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். எல்லாரோடும் பேசியதாகவும் ஆகும், யாரிடமும் மாட்டிக்கொண்டதாகவும் ஆகாது. கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதும் மேசையைக் கேட்டு வாங்கி உட்காருங்கள். பெயர், ஊர், தொகை என்று எழுதிக்கொண்டே இருந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. உறவுக்காரர் அத்தனை பேரும் உங்கள் முன்னால் வந்து நின்று பெயர் சொல்லிவிட்டுப் போவார்கள். ‘வந்தா, இருந்தா, வேலை செஞ்சா’ என்று ஊரும் சொல்லும். நம் பக்கத்து விசேஷங்களில் வேலைக்கு ஆள் போதாமல்தான் அலைகிறார்கள். தெருவில் பேசிக்கொண்டு நிற்கிறவர்களைவிட உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அங்கே தேவை அதிகம்.

அடுத்து, வரப்போகிறவர் விஷயம். பயோடேட்டாவில் எழுதியதை மாற்றாதீர்கள். கும்மியையும் சேர்த்து எழுதுங்கள். கோலத்தில் ஆர்வம் இல்லாதபோது கோலம் என்று எழுதினால், அதைப் படித்துவிட்டு வருகிறவர் வேறொரு பெண்ணைத் தேடித்தான் வருவார். பெண் பார்க்கும் சடங்கு உங்களுக்குப் பாதகமான களம் என்பதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு குடும்பமும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, பக்கத்து அறையில் பத்து நிமிடம் பேசச் சொன்னால் நீங்கள் உங்களில் கால்வாசிகூட வெளியே தெரிய மாட்டீர்கள். இரண்டாவது சந்திப்பு ஒன்று வேண்டும் என்று வீட்டில் கேளுங்கள். இப்போது நிறைய வீடுகளில் ஒத்துக்கொள்கிறார்கள். சென்னிமலைப் படிகளில் ஏறிக்கொண்டே பேசுவது ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட உங்களுக்கு எளிது.

அவரிடம் ‘நான் இன்ட்ரோவெர்ட்’ என்று சொல்வதில் பெரிய பலன் இருக்காது. அந்தச் சொல்லை வைத்து அவர் என்ன புரிந்துகொள்வார் என்று தெரியாது. நடப்பதைச் சொல்லுங்கள். “கம்பெனியிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் யாரோடும் பேச மாட்டேனுங்க. கோபம் எல்லாம் கிடையாது, அப்புறம் நானே வந்து பேசுவேன்.” “ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் குளத்துக்குப் போவேன், நீங்களும் வரலாம், ஆனால் அங்கே பேசக் கூடாது.” இப்படிச் சொன்னால் அவருக்குக் கண்முன்னால் ஒரு வாழ்க்கை தெரியும், ஒத்துவருமா என்று யோசிக்க முடியும். அவருடைய ஓய்வு நேரம் எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள். அவர் ஆள் கூட்டத்தோடு சுற்றுகிறவராக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதில்லை. பேச்சுக்காரரும் மௌனக்காரரும் சேர்ந்து நன்றாக வாழும் வீடுகள் எத்தனையோ. ஆனால் உங்கள் அரை மணி நேரத்தைப் பற்றி அவர் கிண்டல் செய்கிறாரா, கேட்டுக்கொள்கிறாரா என்பதைக் கவனியுங்கள். கல்யாணம் முடிந்த முதல் மாதங்களில் விருந்து விருந்தாக அழைப்பார்கள். ஒரே நாளில் இரண்டு வீட்டு விருந்து வேண்டாம் என்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும்.

கடைசியாக உங்கள் அம்மாவுக்குச் சில வார்த்தை. அம்மா, நீங்கள் வளர்த்த விதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஜெரோம் கேகன் என்ற அமெரிக்க உளவியலாளர் நாலு மாதக் கைக்குழந்தைகளுக்குப் புதுப் பொம்மைகளையும் புதுச் சத்தங்களையும் காட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை கைகால் உதறி அழுதது. அப்படி அழுத குழந்தைகளில் பலர் வளரும்போது புதிய இடங்களில் தயங்கி, பார்த்துவிட்டு மெதுவாகச் சேர்கிறவர்களாக இருந்தார்கள். நாலு மாதத்துக் குழந்தைக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. உங்கள் மகள் பேசவில்லை என்ற வெசனம் உங்களுக்கு இருப்பது புரிகிறது. “ஏன் பேச மாட்டேங்கற?” என்று நேருக்கு நேர் கேட்டால் இருக்கிற பேச்சும் நின்றுபோகும். அவர் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் அவரைக்காய் உரிக்க எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் இந்தச் சுபாவக்காரர்களுக்கு வாய் திறக்கும். எந்த நூலை எங்கே மாற்றினாய் என்று கேளுங்கள். சும்மா தலையாட்டுவதற்காகக் கேட்காமல், தெரிந்துகொள்வதற்காகவே கேளுங்கள். அங்கிருந்து கம்பெனிக்கும், கம்பெனியிலிருந்து கல்யாணத்துக்கும் பேச்சு தானாக வரும்.

அம்மிணி, மேலே உள்ள பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அதற்கு மேல் அவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.